சிவப்பு வந்த பிறகு

ஜூன் 17, செவ்வாய். வெயில். மாலையில் கொஞ்சம் தூறல்.

இன்றும் வீட்டில் சொல்லவில்லை. வேலையை விடப் போகிறேன், செங்கம் ரோட்டில் கடை பார்த்துவிட்டேன் என்பதை. அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். "சட்னி போதும்மா" என்றுதான் வந்தது.

பழைய புத்தகக் கடை. ஆசிரமத்தைச் சுற்றி அறை எடுத்துத் தங்குகிறவர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப்போகும் புத்தகங்கள். வீட்டுக்காரர்கள் எடைக்குப் போடுவதற்குள் நான் வாங்கிவிடுவேன். கட்டிலுக்கடியில் இனி இடமில்லை.

வேங்கிக்கால் ஆபீசில் விஜயா அக்காவிடம் மட்டும் சொன்னேன். என்னைப் போலவே ஒப்பந்த வேலை.

"புக்கு வித்து எவடி பொழச்சா? கம்மி சம்பளம்னாலும் மாசமானா வருதில்ல? பர்மனென்ட் பண்ணுவாங்க, இரு."

அவர் மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே பண்ணுவதாகச் சொன்னார்களாம். மகள் இப்போது காலேஜ்.

ஜூன் 19, வியாழன்.

சொல்லிவிட்டேன். அப்பா எழுந்து கொல்லைக்கு மோட்டார் போடப் போய்விட்டார்.

அம்மா: "பூ கட்டிப் பாத்துடலாம். வெள்ளை வந்தா வேலைய விடு. சிவப்பு வந்தா அதோட இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

சரி என்றேன். ஏன் சொன்னேன்? முடிவை வேறு யாராவது எடுத்துத் தொலைக்கட்டும் என்றுதான்.

கடை ஓடாது. எங்கள் அடி அண்ணாமலை ஊரே சிரிக்கும். திரும்பிப் போனால் என் நாற்காலியில் வேறொருத்தி.

ஜூன் 20, வெள்ளி. புழுக்கம்.

அம்மன் கோயில். இலையில் மடித்த இரண்டு பொட்டலம். ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்பு அரளி. பூசாரி குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். "நீயே எடும்மா."

அரளி.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா, ஆத்தாளே சொல்லிட்டா."

எனக்கு நிம்மதி. உடம்பே லேசாகி, பசிகூட எடுத்தது. பொங்கல் இரண்டு தொன்னை.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் பயம் பிடித்தது, இதுவரை வந்ததிலேயே பெரிய பயம். கடை நொடித்தால் அழுதுவிட்டு வேறு பார்க்கலாம். இந்த நிம்மதி பழகிப்போனால்? விஜயா அக்காவுக்கும், வேலையை விடாமல் தள்ளிப்போட்ட ஒவ்வொரு முறையும் இப்படித்தான் பசித்திருக்கும்.

ஜூன் 23, திங்கள்.

ராஜினாமா கொடுத்தேன். மேலாளர் நிமிரவில்லை. "டேபிள்ல வச்சிட்டுப் போ."

அம்மா: "ஆத்தா வாக்கையே மீறுறியாடி?"

"ஆமாம்மா. கோவம்னா எம்மேல காட்டட்டும்."

தைரியமாகத்தான் சொன்னேன். ஆனால் நான் சாமி நம்பாதவள் இல்லை.

அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டில் சோறு மட்டும் வருகிறது, ஜாஸ்தியாகவே.

ஜூலை 2, புதன். காற்று, புழுதி.

கடை திறந்தேன். அம்மா வரவில்லை. அப்பா எதிரே வண்டியை நிறுத்திப் பார்த்தார், உள்ளே வராமல் போனார். வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் டாய்லெட் எங்கே என்றார். இன்னொருவர் நின்றபடியே பாதிப் புத்தகம் படித்துவிட்டு, திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

ஒன்றும் விற்கவில்லை. நாள் முழுக்க ஆபீஸ் ஞாபகம் ஒருதரம்கூட வரவில்லை என்பது ஷட்டரைப் பூட்டும்போதுதான் தெரிந்தது.