கப்பலுக்கு ஒரு விலாசம்

லா சப்பல், பாரிஸ்
6 நவம்பர் 2009, வெள்ளி

அன்புள்ள தம்பி கரிகாலனுக்கு அக்கா எழுதுவது.

இறங்குவதா, கப்பலிலேயே இருப்பதா என்று செவ்வாய்க்கிழமை போனில் கேட்டாய். யோசித்து எழுதுகிறேன் என்றேன். மூன்று நாள் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. இறங்கினால், கப்பலைத் துறைமுகத்தில் மறித்து வைத்திருக்கிற இந்தோனேசியாக்காரர் உங்களைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்புவார்களா, அகதியாகப் பதிவார்களா என்பதை இங்கே ஒருவரும் அறியார். வாமதேவன் அண்ணையின் கடையில் நிற்பவர்கள் எல்லோரும் அறிந்தவர்கள்போலப் பேசுகிறார்கள். அங்கே போவதைக் குறைத்துவிட்டேன்.

தெரிந்ததை எழுதுகிறேன். காவலுக்கு நிற்பவர்கள் கப்பலைக் 'காப்பல்' என்கிறார்கள், எங்கடை சொல்லுத்தான் என்று எல்லோருக்கும் சந்தோஷம் என்றாயே. வேலை முடிந்து நூலகத்தில் இந்தோனேசிய அகராதி பார்த்தேன். தமிழிலிருந்து போனது என்றே போட்டிருக்கிறது. போன இடத்தில் பிள்ளை குட்டியும் பெற்றிருக்கிறது. 'பெர்காப்பல்' என்றால் கப்பலில் பயணம் செய்வது. 'பெர்காப்பாலன்' கப்பல் தொழில். 'மெங்ஙாப்பல்கன்' ஒன்றைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவது; சரக்குக்குத்தான் சொல்வார்களாம். வியாபாரத்துக்குப் போனவர்கள் விட்டுவந்த சொல்லாக இருக்கும். சொல்லை ஏற்றுக்கொண்டவர்கள் ஆட்களையும் ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பிவிடாதே.

முகாமில் இருக்கும் அம்மாவிடம், நீ மலேசியாவில் வேலை செய்கிறாய் என்றுதான் சொல்லியிருக்கிறேன். சம்பளம் எவ்வளவு என்று அவ கேட்கவில்லை. நம்பவில்லை போலிருக்கிறது.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. நீ எதைச் செய்தாலும் அது உனக்கு நன்மையாக முடியட்டும்.

அக்கா
யசோதினி

7 நவம்பர், சனி

காலையில் தபாற்கந்தோருக்குப் போனேன். உறையில் உன் பெயருக்குக் கீழே, தெரு எழுத வேண்டிய இடத்தில், 'காப்பல்' என்று எழுதியிருந்தேன். அடுத்த வரியில் துறைமுகத்தின் பெயர். கவுண்டரில் இருந்த பெண் இது எந்தத் தெரு என்று கேட்டாள். கப்பல் என்றேன். அப்படி ஒரு விலாசத்துக்குப் பதிவுத் தபால் எடுக்க முடியாது என்றாள்.

வெளியே வந்து, நீங்கள் எல்லோரும் பேசுகிற அந்த ஒரே போனுக்கு எடுத்தேன். கப்பலில் உனக்குப் பக்கத்தில் பாய் போடுகிற மன்னார்ப் பெடியன் பிரின்ஸ்டன் பேசினான்.

"கரிகாலன் அண்ணை விடியவே இறங்கிட்டார், அக்கா. வேண்டாமெண்டால் அக்கா அண்டைக்கே சொல்லியிருப்பா எண்டவர்."

எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டேன். ஒரு வான் வண்டியில் ஏற்றினார்களாம். அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது.

உறையில் 'காப்பல்' என்பதை வெட்டினேன். அந்த வரியில் எழுத வேறொன்றும் இல்லை. கடிதம் என் கைப்பையில் இருக்கிறது.