பாறைக்குழி தேடிப் போன அக்காவுக்கு

என் பிடிவாதக்கார அக்காவுக்கு,

நீ போய் இருபது நாளாகிவிட்டது. வோபர்ன் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கச் சனம் வருவது குறைந்துவிட்டது. வந்த எல்லாரிடமும் அப்பா, "மகள் யூனிவேர்சிற்றியிலை படிப்பிச்சவ" என்று மட்டுந்தான் சொன்னார். பெரு நாட்டு மலையில் பன்னிரண்டு வருடம் நீ என்ன ஆராய்ச்சி செய்தாய் என்று மூச்சும் விடவில்லை. செத்தவர்களின் எலும்பைக் கிண்டுகிறவளுக்கு எவன் சம்பந்தம் பேசுவான் என்று அன்றைக்குக் கத்தியவர்தானே.

அங்கே கஹமார்கா என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள அந்தப் பாறையை உன் போனில் எனக்குக் காட்டினாய். பாறையின் முகம் முழுக்க யன்னல்கள் மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள். முன்னொரு காலத்தில் இறந்தவர்களை முதலில் மண்ணில் புதைத்து, பிறகு எலும்புகளை எடுத்துவந்து அதற்குள் வைப்பார்களாம். "இப்ப எல்லாம் வெறுங்குழி. எவனோ அள்ளிக்கொண்டு போயிட்டான்" என்று, உன் சொந்த வீட்டில் களவு போனதுபோல் கோபப்பட்டாய். நான் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் சிரிக்கவில்லை. "தம்பி, என்னை எரிச்சுப்போடாதை. மண்ணிலை வை. எலும்பாவது மிஞ்சட்டும்" என்றாய். "ஓம் அக்கா" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

"எங்கடை ஆக்கள் புதைக்கிறேல்லை" என்றார் அப்பா. 'அவ கேட்டவ' என்று ஒரு வசனம் சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொந்தக்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்காகவா உன்னை நெருப்புக்குக் கொடுத்தேன்? எரியூட்டும் அறையில் அப்பா பொத்தானுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "நீ அமத்து" என்றார். பொத்தானை நான்தான் அழுத்தினேன், அக்கா.

இப்போது முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கப் போகிறார்கள். உன் வாழ்க்கைக் குறிப்பை அப்பா என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார். "உந்தப் பிணக்குழிக் கதையள் வேண்டாம். மரியாதையா எழுது." அந்தப் பாறையை வெறுமையாக்கியவர்கள் யாரோ. உன்னை வெறுமையாக்க வீட்டு ஆட்களே போதும். அம்மா உன் படத்துக்குப் பூ மாற்றுகிறா.

உனக்குத் தந்த வாக்கைத் தின்றவன் நான். இன்னொன்று தருகிறேன்; நம்பாவிட்டாலும் பரவாயில்லை. நீ ஏறிய மலையை எழுதுவேன். நீ கேட்டதையும், நான் செய்ததையும் எழுதுவேன். அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்தால், முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் அதே சொந்தக்காரர் முன்னால் எழுந்து நின்று வாசிப்பேன். என் பெயரை இப்படித்தான் போடுவேன்:

உன்னை எரித்த தம்பி