நூல் தெரிந்த பூச்சிகள்

அக்கா, இன்று காலை வந்த பெஸ்ட் கன்ட்ரோல்காரன் உன் கட்டிலுக்கு மேலே இருந்த நூலை அறுத்துவிட்டான்.

அவன் மேல் தப்பில்லை. சொசைட்டியில் வருஷா வருஷம் அனுப்புகிற ஆட்கள்தான். முதுகில் மருந்து டப்பா, மூக்கை மூடிய முகமூடி, கையில் நீளக் குழாய். நெடி வீடு முழுக்க ஏறுவதற்குள் ஒருவன் ஒட்டடைக் கம்பை எடுத்து அந்த மூலையில் ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, "ஆன்ட்டி, ஜாலா நிகால் தியா" என்றான். ஒட்டடையை எடுத்துவிட்டானாம். அது ஒட்டடை இல்லை, நான் ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டின கறுப்பு நூல் என்று அவனிடம் எந்த பாஷையில் சொல்வது? "அச்சா கியா", நல்லது செய்தாய், என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். மதியம் வரை உள்ளே போகக் கூடாதாம். வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மருந்து நெடி புடவையிலேயே வந்துவிட்டது.

டப்பாவும் முகமூடியுமாக அவர்கள் வாசலில் நின்றதைப் பார்த்திருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். "படம் முடியப்போறது, செருப்பைத் தேடு."

அந்தப் பழைய பூச்சிப் படங்களில் எல்லாம் அப்படித்தானே? முதுகில் டப்பா கட்டிக்கொண்டு பட்டாளத்துக்காரர்கள் வந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். பூச்சியைக் கொளுத்துவார்கள். பிறகு வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் வானத்தைப் பார்த்து அணுகுண்டைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார். அவர் பேசி முடிப்பதற்குள் நாம் ஸீட்டுக்கு அடியில் செருப்பைத் துழாவி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டும்.

மாட்டுங்காவில் என் வயசுப் பெண்களை அவரவர் அக்காக்கள் தமிழ்ப் படத்துக்குக் கூட்டிப் போனார்கள். எனக்கு வாய்த்தவள் நீ. ஞாயிற்றுக்கிழமை மார்னிங் ஷோவில் நாள்பட்ட அமெரிக்கப் படமாகப் போட்டுத் தள்ளும் அந்தக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போவாய். அம்மாவிடம், "அவளுக்கு இங்கிலீஷ் வரட்டுமேம்மா" என்று ஒரு சாக்கு. கோட்டை ஏரியாவில் ஒரு கம்பெனியில் ஆறு நாளும் டைப் அடித்துவிட்டு ஏழாம் நாள் பஸ் அளவு எறும்பைப் பார்க்கப் போகிற பெண் பம்பாயிலேயே நீ ஒருத்திதான் இருந்திருப்பாய்.

பாதிப் படம் வரை பூச்சியே வராது. பாலைவனத்தில் ஒரு ஜீப், ஒரு அறை, அறைக்குள் நாலு பேர் நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் நெளிவேன். நீ என் தொடையில் தட்டிச் சொல்வாய்: "பேசறதுக்குக் காசு வேண்டாம்டி. பூச்சிக்குத்தான் காசு. கொஞ்சமாத்தான் காட்டுவான், பொறு." கடைசியில் பூச்சி வரும். ஒரு படத்தில் எறும்பு மலைக்குப் பின்னாலிருந்து எழுந்தபோது அதன் நிழல் வானத்திலேயே விழுந்தது. வானம் என்று அவர்கள் வைத்திருந்தது பின்னால் கட்டின துணி. நான் பயந்து உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ குனிந்து என் காதில், "அந்தக் காலைப் பார். நூல் தெரியறது பாருடி" என்றாய். பார்த்தேன். எறும்பின் காலை யாரோ மேலேயிருந்து நூல் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிஷத்தோடு எனக்குப் பயம் போயிற்று.

உனக்குப் பயமாக இருந்ததா, சிரிப்பாக இருந்ததா என்று மட்டும் எனக்கு எப்போதும் சந்தேகம். இரண்டுக்குமே உன் கண் ஒரே மாதிரிதான் விரியும். திரை வெளிச்சம் உன் வாயில் விழுகிற வரை காத்திருந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

நீ வெறுமே கேலி செய்கிறவளும் இல்லை. ஒரு நாள் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய், "குண்டு போட்டா மனுஷாளுக்கு என்ன ஆச்சுன்னு ஒரு படத்துலயும் காட்டலை, கவனிச்சியோ? எறும்பு பெரிசாச்சுன்னு காட்டறான். போட்டவனுக்கே பயம். எதைப் பார்த்துப் பயப்படறதுன்னுதான் தெரியலை." எனக்கு அப்போது புரியவில்லை. பசி வேறு.

அதற்கப்புறம் நம் வீட்டில் எது வந்தாலும் 'நூல் தெரியறது' என்கிற அந்த ஒரு வாக்கியம்தான். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று எழுந்து போனார்கள். அம்மா சமையலறையில் அழுதாள். நீ தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து, "அந்த மாமா சிரிக்கறச்சே நூல் தெரிஞ்சுதேம்மா, நீ பார்க்கலையா?" என்றாய். என் மாமியார் ஆடிய ஆட்டத்துக்கெல்லாம் போனில் அதே பதில். என் வீட்டுக்காரர் போன அன்று மட்டும் நீ அதைச் சொல்லவில்லை. வாசற்படியில் என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாய். காரியமெல்லாம் முடிந்ததும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திலக் நகருக்கு, உன் வீட்டுக்கே, கூட்டி வந்துவிட்டாய்.

சாயங்காலம் இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போவோம். டிராம்பே பக்கம் அணு உலையின் வெள்ளைக் குவிமாடம் தெரியும். "அங்கேர்ந்து ஒரு கரப்பு பெரிசாகிக் கிளம்பி வந்தா என்ன பண்ணும் சொல்லு? செம்பூர் நாகாவில டிராஃபிக்ல மாட்டிண்டு திரும்பிப் போயிடும்" என்பாய். கிழவிகள் இரண்டும் எதற்கு இப்படிச் சிரிக்கின்றன என்று வடாம் எடுக்க வந்தவர்கள் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட உனக்கா அக்கா பூச்சி வர வேண்டும்?

முதலில் சர்க்கரை டப்பா மூடியில் எறும்பு என்றாய். இல்லை. பிறகு படுக்கை விரிப்பில். நான் உதறி உதறிக் காட்டினேன், இல்லை. ஒரு நாள் கட்டிலுக்கு மேல் மூலையைக் காட்டி, "ஸ்டூல் அளவுக்கு இருக்குடி. என்னையே பார்க்கறது" என்றாய். கண் விரிந்திருந்தது. வாயைப் பார்த்தேன். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. மூளை தேய்கிற வியாதி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்றார் டாக்டர். "இல்லைன்னு வாதாடாதீங்க, ஆமாம்னும் சொல்லாதீங்க" என்றார். பின்னே என்னதான் சொல்வது? அதற்குக் கன்ஸல்டிங் ஃபீஸ் வேறு. நீ காலைக் கீழே வைக்க மறுத்தாய். பாத்ரூமுக்குப் போக மறுத்தாய். விரிப்பை மாற்றிக்கொண்டே நான் சாமி படத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். உலகத்தில் எத்தனை பயம் இருக்கிறது, இவளுக்குக் கொடுக்க இந்த ஒன்றுதானா கிடைத்தது என்று கேட்டேன்.

தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல் உருண்டையை எடுத்தது அதற்குப் பிறகுதான். மூட்டு வலியோடு ஸ்டூலில் ஏறினேன். மூலையில் செல்லோடேப் வைத்து ஒட்டி, நூலைத் திரைச்சீலைக் கம்பி வரை இழுத்துக் கட்டி, ட்யூப்லைட்டைப் போட்டேன். "அக்கா, நூல் தெரியறது பாரு" என்றேன். நீ வெகுநேரம் பார்த்தாய். நூலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை உன் பார்வை போய்த் திரும்பியது. பிறகு மூக்கால் சிரித்தாய். "சீப் படம்டி. இன்டர்வல்ல எழுந்து போயிடலாம்." காலைக் கீழே வைத்தாய். காபி கேட்டாய். நான் சமையலறைக்குப் போய்ப் பால் பொங்கி வழிகிற வரை அழுதேன்.

சில வாரங்கள் அந்த நூல் நம்மைக் காப்பாற்றியது. அப்புறம் ஒரு மத்தியானம், "நூல் இருக்குடி. ஆனா அது நூலையும் இழுத்துண்டு கிட்ட வரது" என்றாய். அதற்கு மேல் என்ன கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஐ.சி.யூ.வில் வெள்ளைக் கூரை, நாலு மூலையும் துடைத்து வைத்த மாதிரி. பார்க்க விடுவது கொஞ்ச நேரம்தான். நூல் உருண்டை என் கைப்பையில்தான் இருந்தது. அங்கே எதில் கட்டுவது, யாரைக் கேட்பது? நீ கூரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். என்ன பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். கைக்குக் கிடைத்தது ஸலைன் குழாய்தான். அதைத் தொட்டுக் காட்டி, "அக்கா, இதோ, நூல் தெரியறது பாரு" என்றேன்.

நீ பார்த்தாய். பாட்டிலிலிருந்து இறங்கி வந்து உன் கையில் முடிகிற வரை பார்த்தாய். பிறகு மார்பில் ஒட்டியிருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாய். ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து மெதுவாக, ஆனால் தெளிவாகத்தான் சொன்னாய். "தெரியறதுடி. எனக்குத்தான் கட்டியிருக்கா."

கண் விரிந்திருந்தது. வாயைப் பார்க்கக் குனிந்தேன். முகமூடி முழுக்க உன் மூச்சு ஆவியாகப் படிந்து வெள்ளையாக இருந்தது. அதற்குள் நேரம் முடிந்தது, "டைம் ஹோ கயா" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் போன் வந்தது.

உன் கண்ணாடியையும் வளையலையும் கவரில் போட்டுக் கொடுத்த நர்ஸிடம், "கடைசியில் பயந்தாளா?" என்று கேட்டேன். "நஹீ மாஜி, ஷாந்தி ஸே கயீ" என்றாள். அமைதியாகப் போனாயாம். பக்கத்தில் நின்ற இன்னொரு குடும்பத்துக்கும் அதையேதான் சொன்னாள். அவளுக்கும் வேறு என்ன சொல்லத் தெரியும்?

வெயில் பெஞ்சு வரை வந்துவிட்டது. ஆட்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இனி மேலே போய் ஜன்னல்களைத் திறக்க வேண்டும். உருண்டை இன்னமும் கைப்பையில் இருக்கிறது. ஸ்டூலில் ஏற இப்போது கால் வராது. வாட்ச்மேனைக் கூப்பிட்டு அந்த மூலையில் நூல் கட்டச் சொல்லலாம். எதற்கு என்று கேட்பான்.

கட்டினாலும் பார்க்க நான் ஒருத்திதான். படுத்துக்கொண்டு அந்த மூலையைப் பார்ப்பேன், உன் வாய் அந்த வெள்ளை ஆவிக்குப் பின்னால் எப்படி இருந்தது என்று மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பேன். சில நாள் சிரித்திருப்பாய் என்று தோன்றும். பல நாள் தோன்றுவதில்லை. முகமூடியை ஒரு விரல் அளவு தூக்கிப் பார்த்திருந்தால் போதும் அக்கா, எனக்குத் தெரிந்திருக்கும்.