தாலிக்கொடியும் ஏரித் தண்ணீரும்

ஜூன் 8, 2025, ஞாயிறு

நீச்சல் குளத்தில் முதல் முக்குளிப்புப் பயிற்சி. டிரை சூட் என்ற நனையா உடுப்புக்குள் நுழைவதற்கே பாதி உயிர் போகிறது. கழுத்தை இறுக்கும் ரப்பர்தான் வில்லன். அது இறுகினால்தான் ஏரியின் குளிர்தண்ணீர் உள்ளே வராதாம். நகை ஒன்றும் கூடாது என்றார் பயிற்சியாளர் றூபன். "தாலிக்கொடியும்தான் அக்கா." காதில் விழாதமாதிரி இருந்துவிட்டேன்.

ஜூன் 9

கலியாணம் கட்டிப் பதினாறு வருடம், ஒருநாளும் கழற்றியதில்லை. சுலக்சன் சிரிக்கிறார். "கழட்டினா நான் என்ன செத்தே போயிடுவன்?" வாயைக் கழுவுங்கோ என்றேன். உண்மையிலேயே பயமாக இருக்கிறது. அவருடைய அம்மா வேறு, மாமா தவறிப்போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். மாமிக்குத் தெரிந்தால்?

ஜூலை 13, ஞாயிறு

கொடியை உள்ளே ஒளித்துக்கொண்டு இறங்கினேன். ஏரியடியில் ஒரு சின்ன மீன்பிடிப் படகு மூழ்கிக் கிடக்கிறது. அதைப் பார்க்கத்தானே இந்தக் கூத்தெல்லாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதித் தூரம் போயிருப்பேன், கொடி மேலேறி ரப்பருக்குள் மாட்டியது. அந்த இடைவெளியால் தண்ணீர் உடுப்புக்குள், நெஞ்சுவரை. உது தண்ணியே? ஐஸ். நெஞ்சடைச்சு மூச்செடுக்கேலாமப் போச்சு.

றூபன் பிடித்து மெதுவாக மேலே கொண்டுவந்தார். படகின் நிழலைக்கூடக் காணவில்லை. "கொடியோட இனி உங்களை இறக்கமாட்டன் அக்கா." அவருக்குக் குரல் நடுங்கியது, எனக்குப் பல்.

ஜூலை 14

காய்ச்சல். சுலக்சன் மல்லித்தண்ணீர் வைக்கப்போன இடத்தில் மாமியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஓட்டைவாய். மாமி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 20

இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. புட்டு மட்டும் நன்றாக இருந்தது.

ஜூலை 31

ஞாயிறு படகைப் பார்க்க இறங்குபவர்களோடு ஒரு இடம் இருக்கிறதாம். விட்டால் அடுத்த வருடம்தான். கழற்றவா, வேண்டாமா? கண்ணாடி முன் நின்று கொக்கியில் கை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன் — கையை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

படகைப் பார்த்தேன்! பச்சை இருட்டுக்குள் ஒருபக்கம் சாய்ந்து கிடக்கிறது. எங்கள் வான் வண்டியைவிடக் கொஞ்சம்தான் நீளம். உடம்பெல்லாம் சிப்பி. ஜன்னலால் ஒரு மீன் வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தது. சந்தோசத்தில் முகமூடிக்குள்ளேயே அழுதேன்.

காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டபோது மாமி வாசலில் கையை நீட்டினார். "கொடியைக் கழட்டித் தா. நான் வைச்சிருக்கிறன்." எனக்குக் கை எழவில்லை. அவரே பின்னால் வந்து கொக்கியைக் கழற்றினார்.

"நான் ஒருநாளும் கழட்டேல்லை பிள்ளை. மாமா போகேக்கையும் என்ர கழுத்திலதான் கிடந்தது."