கால் துடைத்துவிட்டு வருபவன்

அன்புப் பேத்தி குருவிக்கு, பாட்டி எழுதுவது. நான் சுகம். முழங்கால் வலி இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் புத்தகத்தை முடித்துவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நானூறு பக்கம் விரல் வைத்துப் படித்தேன். அட்டையில் உன் பேரைப் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டியாச்சு. ஒன்று மட்டும் வெட்கமாக இருக்கிறது. உன் கதையில் வருகிற அந்த எத்தன் ஊரையே ஏமாற்றுகிறான், போலீஸ் படியேறி வருகிறது, நானோ "பின்பக்கம் கதவு இருக்குடா, ஓடு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரி, "நீங்க யாரு கட்சி பாட்டி?" என்று சிரித்தாள். என்ன செய்ய, திருடப் போகிற வீட்டிலும் காலை அத்தனை பதவிசாகத் துடைத்துவிட்டுத்தானே நுழைகிறான். அந்த இடத்திலேயே அவன் யாரென்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாசலில் கால்மிதியில் காலைத் துடைக்கும் சத்தம் கேட்டது. உன் அப்பன், நான் பெற்ற பிள்ளை. பதினோரு வருஷம் கழித்து. திட்டத்தான் வாயெடுத்தேன். ஒழுகுகிற குழாயைச் சரிசெய்தான், தையல்காரியைச் சிரிக்க வைத்தான், நான் இளைத்துவிட்டேன் என்று கண் கலங்கினான். நானும் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். என் புத்தி அப்படி.

அவனும் படித்திருக்கிறான். மகள் தன்னை எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள் என்று பெருமை வேறு. உன்னை நேரில் பார்க்க வேண்டுமாம், விலாசம் வேண்டுமாம். ஏதோ ஒரு தாளில் உன் கையெழுத்து, ஒன்றே ஒன்று போதுமாம். உன் அம்மாவிடமும் இதே ஒன்றைத்தான் கேட்டான். அவன் செய்ததற்கு அவள் இரண்டு வருஷம் சிறையில் இருந்தாள்.

விலாசம் தெரியாது என்று சொல்லிவிட்டேன். உன் கடித உறைகளையெல்லாம் அடுப்பில் போட்டேன். மனப்பாடம் ஆனதை எந்த அடுப்பில் போட? நேற்றும் வந்தான். இன்றைக்குக் காலையிலிருந்து காது வாசலிலேயே கிடக்கிறது. வரக்கூடாது என்றா, வரவேண்டும் என்றா, எனக்கே தெரியவில்லை. நாளைக்கோ மறுநாளோ சொல்லிவிடுவேன் குருவி. என்னை எனக்குத் தெரியும்.

அதனால் உடனே வீடு மாறு. புது விலாசத்தை எனக்கு எழுதாதே. கடிதமும் போடாதே. அடுத்த புத்தகம் வந்தால் தையல்காரி வாங்கித் தருவாள். அட்டையில் உன் பேரைப் பார்த்து, நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன். அதில் அவனைப் பிடித்துக் கொடுத்துவிடு. ஓடு என்று நான் இங்கே சொல்லிக்கொண்டுதான் இருப்பேன், நீ காதில் வாங்காதே.

தீர்க்காயுசாக இரு கண்ணே.

உன் பாட்டி