வெயில் எடுத்த உங்கள் படம்

முகம் மறைத்துச் சிரிக்கும் என் அம்மாவுக்கு,

இன்று காலை நம் கூலாய் ஊரில் பொழுது மிக மெதுவாக விடிந்தது. செம்பனை மரங்களின் மேல் பனி கலையாமல் நின்றது. அதற்குள்ளிருந்து நீங்கள் நடந்து வருவதுபோல் ஒரு மயக்கம். வந்தீர்களா?

உங்கள் மகள் இப்போது சனிக்கிழமைதோறும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியமும் புகைப்படமும் சொல்லித் தருகிறாள். இக்கலையை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. பழைய கேமரா ஒன்றைக் கழற்றிப் பூட்டி நானே பயின்றேன். இதைச் சற்றுப் பெருமையுடனேயே எழுதுகிறேன்.

ஆயினும், உங்களை ஒருமுறைகூட எடுக்க முடியவில்லையே! கேமராவைத் தூக்கினால் முந்தானை முகத்துக்குப் போய்விடும். "என்னை ஏன் புள்ள எடுக்கிற? அந்தச் செம்பருத்திய எடு, அதாவது அழகா இருக்கு." என்னிடமுள்ள உங்கள் படங்கள் அனைத்தும் முந்தானைகளே.

ஆகவேதான் நீங்கள் மறைந்தபோது, தம்பி குமரன் உங்கள் அடையாள அட்டையைப் படக்கடைக்குக் கொண்டு போனான். அவர்கள் முகத்தைப் பெரிதாக்கி, கணினியிலேயே பச்சைப் பட்டுச் சேலையும் உடுத்திவிட்டார்கள். "அம்மா ஜோரா இருக்காங்கல்ல, அக்கா?" என்றான். அன்றுமுதல் யாரோ ஓர் அம்மையாருக்குப் பூ வைத்து வருகிறேன். அந்தப் பூ உங்களிடம் வந்து சேர்ந்ததா?

உங்கள் திதி நெருங்குகிறது. இம்முறையேனும் உங்கள் மெய்யான படத்துக்கு மாலையிட வேண்டும் என்பதே என் மனத்தவிப்பு.

சென்ற மாதம் பிள்ளைகளுக்கு வெயில் படம் செய்யக் கற்றுக் கொடுத்தேன். மருந்து தடவிய தாளில் ஒரு பொருளை வைத்து, வெயிலில் காட்டி, நீரில் அலசினால் தாள் நீலமாகும்; பொருள் மறைத்த இடம் மட்டும் வெளுத்து நிற்கும். சாவி, சீப்பு, இலை என்று கொண்டு வந்தார்கள். தர்ஷினி என்ற சிறுமி நெத்திலிக் கருவாடு கொண்டு வந்தாள். "டீச்சர், மீனு மறுபடியும் தண்ணிக்குள்ள போயிருச்சு!"

நான் உங்கள் மெல்லிய வீட்டுச் சேலையின் முந்தானையை விரித்தேன். அலசும் தொட்டியில், நீர் அசைய அசைய நீங்கள் வந்தீர்கள். இழை இழையாக வெளிர்நீலம். தையல் பிரிந்த கிழிசலில் மட்டும் ஆழ்கடல் நீலம். தர்ஷினி எட்டிப் பார்த்து, "இது யாரு, டீச்சர்?" என்றாள். என்னவென்று அவள் கேட்கவில்லை, அம்மா.

இதற்கு மாலையிடலாமா என்று குமரனைத் தொலைபேசியில் கேட்டேன். அவன் பதறிப்போனான். "அலமாக், அக்கா! துணிக்கு யாராவது மாலை போடுவாங்களா? சொந்தக்காரங்க சிரிப்பாங்க லா."

ஆனால் பள்ளிக் கண்காட்சிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த குமரன், அப்படத்தின் முன் நின்றுவிட்டான். கிழிசலின் மேல் விரல் போனது.

"இது நான் கிழிச்சது."

"ஆமாம்."

"மொத நாளு, இதே பள்ளிக்கூட கேட்ல. அம்மாவ விடமாட்டேன்னு இழுத்து..." பிறகு மூக்கை உறிஞ்சியபடி, "அப்போ அந்தப் பச்சைச் சேலைக்காரம்மாவ எங்கக்கா வைக்கிறது?" என்றான்.

அலமாரியில் வைப்போம் என்றேன். பாவம், இத்தனை காலம் நம் வீட்டுப் பூவை ஏற்றுக்கொண்டவர் அல்லவா.

திதியன்று மல்லிகை மாலை அந்த நீலத்துக்குத்தான். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உங்களுக்கு ஒரு வாக்களிக்கிறேன், அம்மா: முந்தானையை விலக்குங்கள் என்று இனி ஒருபோதும் கேட்கமாட்டேன்.

அதன் மறுமுனையைப் பிடித்து வளர்ந்த
உங்கள் மூத்த மகள்