எண்ணெய்த் தொட்டி

ஈப்போ, 6 மார்ச் 1984, செவ்வாய்

இன்றும் தொட்டியைத் திறக்க விடவில்லை. எங்கள் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவும் இடத்துக்குக் கீழே இருக்கிறது அது. கழுவிய தண்ணீர் அதில் தங்கும். கொழுப்பு மேலே மிதக்கும். தண்ணீர் மட்டும் சாக்கடைக்குப் போகும். மிதப்பதை அள்ளித் தகரத்தில் அடைத்து நகராண்மை லாரியில் ஏற்ற வேண்டும். அது என் வேலை. லாரி எங்கள் தெருவுக்குச் செவ்வாயும் வெள்ளியும்தான் வரும்.

முதலாளி பழனியப்பன் வழியை மறித்தார். “செவ்வா வெள்ளியில எண்ணெய வெளிய அனுப்புவாங்களா? லட்சுமி போயிட்டா கட வெளங்குமா?”

“அது எச்சில் கொழுப்பு, முதலாளி.”

“பேரு என்ன? எண்ணெய்த் தொட்டிதானே? பேச்ச கொற லா.”

9 மார்ச், வெள்ளி

லாரி வந்தது, போனது. நூலகப் புத்தகத்தில் என் விரல் பட்ட பக்கமெல்லாம் கொழுப்பு வாடை.

12 மார்ச், திங்கள்

தொட்டி வழிகிறது. முதலாளியின் மனைவி நல்லம்மாள் ஒரு பானை வெந்நீரைச் சவர்க்காரத் தூளோடு ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். கொழுப்பு உருகி ஓடியது.

“பாத்தியா? இது படிக்காதவ மூள.”

“ஆறினா குழாயில உறைஞ்சிடாதா அக்கா?”

“பொஸ்தகம் படிக்கிற திமிரு! எஸ்டேட்டுக்கே திரும்பிப் போயேன்.”

நான் வளர்ந்த ரப்பர் எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றாயிற்று. போனால் அண்ணன் வீட்டு அடுப்படித் தரையில்தான் படுக்க வேண்டும். இங்கே ஒரு வாடகை அறை, நானே பூட்டித் திறக்கும் கதவு. அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறாள்.

13 மார்ச், செவ்வாய்

தொட்டிக்கென்று ஆணியில் தொங்கும் புத்தகத்தில் தேதி, செய்த வேலை, கையெழுத்து - மலாயில் எழுத வேண்டும். நகராண்மைச் சுகாதார அதிகாரி வந்தால் பார்ப்பார். “சுத்தம் பண்ணியாச்சுன்னு எழுது” என்றார் முதலாளி. அவருக்கு மலாய் பேச வரும், படிக்க வராது.

எழுதினேன்: ‘வெந்நீர் ஊற்றப்பட்டது. கொழுப்பு எடுக்கப்படவில்லை. முதலாளி உத்தரவு. - நவமணி.’

எட்டிப் பார்த்தார். “என்ன, நீட்டமா இருக்கு?”

“மலாயில அப்படித்தான் வரும், முதலாளி.”

என் பெயருக்கு மேலே பொய் எழுத மாட்டேன். வேறு என்ன இருக்கிறது என்னிடம்?

20 மார்ச், செவ்வாய்

வெந்நீர். அதே மூன்று வரி.

28 மார்ச், புதன்

குழாய் அடைத்துக்கொண்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கறுப்புத் தண்ணீர் பக்கத்துத் தையல் கடைக்குள் புகுந்துவிட்டது. சீன அம்மா நனைந்த கல்யாணத் துணியை ஏந்திக்கொண்டு எங்கள் வாசலில் நின்று கத்தினார்.

அதிகாரி வந்தார். நல்லம்மாள் என்னைக் கை காட்டினாள். புத்தகத்தையும் அவளே எடுத்துக் கொடுத்தாள், என் கையெழுத்து இருக்கிறதென்று. அவர் உரக்க வாசித்தார், ஒவ்வொரு தேதியாக. படிக்கத்தானே வராது, கேட்டால் முதலாளிக்கு நன்றாகப் புரியும்.

கடைக்கு ஏழு நாள் பூட்டு. எனக்கு ஒரேயடியாக.

“தின்ன சோத்துக்குத் துரோகம் பண்ணிட்டியேடி!” என்றார் முதலாளி.

நான் என்ன பண்ணுனேன்? எழுதச் சொன்னாங்க, எழுதுனேன். செஞ்சதத்தான எழுதுனேன்!

15 ஜூன், வெள்ளி

அண்ணன் வீட்டிலிருந்து பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்தேன். பழைய தெருவில் லாரி நின்றது. பழனியப்பனே தகரத்தைச் சுமந்து வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளேயிருந்து நல்லம்மாளின் குரல், லட்சுமிக்கே கேட்கட்டும் என்பது போல: “சாக்கடத் தண்ணிய ஏத்தியாச்சா?”

எண்ணெய் என்ற பேச்சே இல்லை.

பிறகு தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை கேட்டேன். அங்கேயும் தொட்டி உண்டு, ஆணியில் புத்தகம் உண்டு. மலாய் எழுத வருமா என்று கேட்டார்கள். வரும் என்றேன். நீட்டமாகத்தான் வரும் என்பதைச் சொல்லவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.